உரசாமல் கண்ட பழுது

என்னிடம் இரண்டே பேர் உட்காரக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், திடீரெனச் செத்துவிடும். மூன்று எலக்ட்ரீசியன்கள் பேட்டரி, டைனமோ எல்லாம் மாற்றியும் தீராததால் விற்றுவிட முடிவுகட்டியிருந்தேன். காரியாபட்டி தாண்டி அது மறுபடி நின்றபோது, யாரோ சொல்லி இன்னோர் எலக்ட்ரீசியன் சைக்கிளில் வந்தார். ஒல்லியான ஆள். நகக்கண்களில் வெள்ளி நிறத்தில் பொடி ஒட்டியிருந்தது.

மற்றவர்கள் வயரை இரும்பில் உரசிப் பொறி பறக்கிறதா என்று பார்ப்பார்கள். இவர் வயர் கட்டிய சின்ன பல்பை ஒவ்வோர் இணைப்பாக வைத்துப் பார்த்துக்கொண்டே போனார். ஒரு மணி நேரம் ஆயிற்று.

“ஒருக்கா உரசிப் பாத்தா சட்டுன்னு தெரிஞ்சிருமேண்ணே?” என்றேன்.

“பட்டாசு சீசனுக்கு வெடிமருந்து கலக்கப் போறவன் சார். பொறி ஆகாது.”

“இங்கன சுத்தியும் பருத்திக்காடுதானண்ணே. மருந்து ஏது?”

“எனக்குத் தெரியுது சார். கைக்குத் தெரியலையே.”

கடைசியில், இருக்கைக்கு அடியில் துருவேறிக் கிடந்த எர்த் வயரைக் கண்டுபிடித்து, சுரண்டி, முறுக்கினார்.

அந்தக் கார் அப்புறம் ஒருநாளும் நின்றதில்லை. ஆனால் அன்று அது கிளம்பியதை அவர் பார்க்கவில்லை. என்னைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு, பத்தடி தள்ளிப்போய் முதுகைக் காட்டி நின்றிருந்தார்.