பேப்பரில் நான் போட்ட ஓட்டை

எண்பதுகளின் பிற்பகுதியில் நடந்தது இது. இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் போராட்டம் உச்சத்தில் இருந்த வருஷங்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து கரியாலூருக்கு மலையேறும் சாலையில், அடிவாரத்து ஊர் ஒன்றில் நான் பகுதிநேர நூலகராக இருந்தேன். வயது இருபத்தாறு. அந்த ஊரில் சட்டையை இன் பண்ணிக்கொண்டு நடந்தவர்கள் மொத்தமே மூன்று பேர். அதில் நான் ஒருவன். என்னைப் பற்றி எனக்கு எவ்வளவு நினைப்பு இருந்திருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

நூலகம் ஓர் ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருந்தது. இரண்டு பீரோ, ஒரு மர அலமாரி, இரண்டு பெஞ்சு, நீளமாக ஒரு மேசை. தினமும் ஒரு செய்தித்தாள் வரும். காலையில் கள்ளக்குறிச்சி பஸ்ஸிலிருந்து கட்டு இறங்கியதும் ஆட்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஊர்க்காரர்களும் வருவார்கள், காலனிக்காரர்களும் வருவார்கள். டீக்கடையில் அப்போது காலனிக்காரர்களுக்குத் தனி கிளாஸ்; பெஞ்சில் உட்கார முடியாது. எங்கள் நூலகத்தில் மட்டும் எல்லோருக்கும் ஒரே மேசை, ஒரே பேப்பர். வெளியூரில் யாராவது கேட்டால் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

ஒருநாள் காலை வந்த பேப்பரில், போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு என்று ஒரு செய்தி. அதே பக்கத்தில், வேறு ஏதோ ஊரில் காலனிக் குடிசைகள் எரிந்ததாக இன்னொரு செய்தி. போராட்டத்துக்குப் போய்வந்த ஊர்க்காரர் ஒருவர் முதல் செய்தியைச் சத்தமாக வாசித்தார். எதிர் பெஞ்சில் இருந்த காலனிக்காரர் தாளைத் தன் பக்கம் இழுத்து இரண்டாவது செய்தியை அதைவிடச் சத்தமாக வாசித்தார். அடுத்த நிமிஷம் இருவரும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். விலக்கிவிடுவதற்குள் பெஞ்சின் கால் உடைந்துபோயிற்று.

அன்று சாயந்திரம் கட்டடத்துக்காரர் வந்தார். கரும்பு விவசாயி, கோபக்காரர். "தம்பி, லைப்ரரின்னு சொல்லித்தான் வூட்ட வுட்டேன். அடிச்சிக்கிறதுக்கு எடம் வேணும்னா வேற எங்கனா பாத்துக்க" என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான். மற்றதெல்லாம் என் மூளையில் உதித்தது.

மறுநாளிலிருந்து பேப்பர் வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு முதலில் நான் படித்தேன். போராட்டம், துப்பாக்கிச் சூடு, குடிசை எரிப்பு என்று எது இருந்தாலும் சவரம் செய்கிற பிளேடால் சுற்றிலும் கீறி அந்தத் துண்டை எடுத்துவிட்டு, மீதியை மேசையில் போட்டேன். துண்டுகளைக் கிழித்துப் போட மனம் வரவில்லை. ஒரு பழுப்புக் கவரில் போட்டு மேசை டிராயரில் வைத்தேன். பிறகு தைரியம் கூடிப்போய் புத்தகங்களிலும் கை வைத்தேன். சாதியைப் பற்றிக் காரசாரமாக எழுதியிருந்தவை, கோயில் நுழைவு, நிலப் பிரச்சினை என்று எனக்கு வம்பாகத் தோன்றியவை எல்லாவற்றையும் உள்பக்கத்து பீரோவில் வைத்துப் பூட்டினேன். யாராவது கேட்டால் பைண்டிங்குக்குப் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். எந்த நூலகத்திலும் எடுபடுகிற பொய் அது.

மேலிடத்திலிருந்து யாரும் எனக்கு உத்தரவு போடவில்லை. எந்தப் புத்தகத்துக்கும் தடையும் இல்லை. எல்லாம் நானாகச் செய்தது. ஊரில் கிண்டல் செய்தார்கள். ஒருவர் பேப்பரைத் தூக்கி ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார். இன்னொரு பெரியவர், "இன்னா தம்பி, நல்ல பொஸ்தகம் பூராவும் கிழிஞ்சிதான் பூட்டுதா?" என்று கேட்டார். நானும் சிரித்தேன். ஆனால் சண்டை நின்றுவிட்டது. அது போதும் என்று இருந்தேன்.

அந்த நாட்களில் சாயந்திரம் தவறாமல் வந்தவர்களில் காலனியைச் சேர்ந்த ஒரு பெண்ணும் உண்டு. அவருக்கும் என் வயசுதான் இருக்கும், ஒன்றிரண்டு கூட இருக்கலாம். பன்னிரண்டாவது வரை படித்துவிட்டுக் களையெடுக்கவும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற நிலக்கடலை பிடுங்கவும் போய்க்கொண்டிருந்தார். வேலை முடிந்து, கை கால் கழுவிக்கொண்டு வந்து, பெஞ்சில் உட்காராமல் நின்றபடியே பேப்பர் பார்ப்பார். கிராமத்து நர்ஸ் பயிற்சிக்கு மனுப் போட்டிருப்பதாகவும், கடலூரிலிருந்து இன்டர்வியூ கார்டு வரவேண்டும் என்றும் ஒருநாள் சொன்னார். அப்போது நாங்களெல்லாம் தென்னாற்காடு மாவட்டம். எதற்கும் கடலூர்தான் போக வேண்டும். வயது வரம்புப்படி அவருக்கு அதுதான் கடைசி வருஷமாம். அவர் வீட்டில் அவ்வளவு தூரம் படித்தது அவர் ஒருவர்தான்.

அப்புறம்தான் அந்த ஒரு வாரம் வந்தது. போராட்டக்காரர்கள் சாலையோரப் புளிய மரங்களை வெட்டிக் குறுக்கே தள்ளினார்கள். பஸ் இல்லை, தபால் இல்லை, பேப்பர் இல்லை. கட்டடத்துக்காரரின் கரும்பு, ஆலைக்குப் போக வழியில்லாமல் வண்டியிலேயே காய்ந்தது. மலைமேல் இருந்தவர்கள் உப்புக்கும் மண்ணெண்ணெய்க்கும் நடந்தே இறங்கி நடந்தே ஏறினார்கள். காலனிப் பக்கம் யாரும் வேலைக்குப் போகவில்லை. வெளியே வரவே பயந்தார்கள்.

மரங்களை இழுத்துப்போட்டு வழி விட்டபோது தேங்கியதில் கடைசி நான்கு நாள் பேப்பர் ஒன்றாகக் கட்டி வந்தது. நான்கிலும் பக்கத்துக்குப் பக்கம் அதே செய்திதான். வெளியே ஆட்கள் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவசர அவசரமாக வெட்டினேன். எப்போதும் துண்டைத் திருப்பிக்கூடப் பார்க்க மாட்டேன், அன்றைக்கு எங்கே பார்க்கப் போகிறேன்.

சாயந்திரம் அந்தப் பெண் வந்தார். நான்கு பேப்பரையும் வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றுவிட்டார். நான் வெட்டிய செய்திக்கு மறுபக்கத்தில், ஓட்டையின் கீழ் ஓரத்தில் இரண்டு வரி மிஞ்சியிருந்தது. "கிடைக்காதவர்களும் நேரில் வரலாம்" என்று முடிந்தது. தலைப்பு இல்லை, தேதி இல்லை, எந்த ஊர் என்றும் இல்லை. அவர் பேப்பரைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"சார், இங்க வெட்டின துண்டு எங்க சார்? பின்னால இன்னா இருந்திச்சின்னு பாக்கணும்."

எனக்குச் சுருக்கென்றது. அந்த ஓட்டை இருந்த இடத்தில் குடிசைகள் எரிந்த செய்தி இருந்தது எனக்குத் தெரியும். அதைப் படித்துவிட்டுக் காலனியில் போய்ச் சொல்லத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். பின்பக்கம் என்று அவர் சொன்னதை ஒரு சாக்கு என்றே எடுத்துக்கொண்டேன். துண்டெல்லாம் எரித்துவிட்டேன் என்றேன். அவர் நகரவில்லை.

"எரிக்கறதுக்கு முன்ன பாத்தீங்களா சார்? கார்டு பத்தி எதுனா போட்டு இருந்தாங்களா?"

"பாத்தேம்மா. பின்னால பாண்டிச்சேரி ஜவுளிக்கடை வெளம்பரம். வேற ஒண்ணும் இல்ல. நேரமாவுது, லைப்ரரி மூடணும்."

எத்தனை சுலபமாக வாயில் வந்தது. எந்த ஊர்க் கடை என்பது வரைக்கும் சொன்னேன். டிராயர் என் முழங்காலை இடித்துக்கொண்டிருந்தது. கையை நீட்டினால் கவர். அவர் ஓட்டையை இன்னொரு முறை பார்த்தார். பிறகு பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "சரிங்க சார்" என்று போய்விட்டார். டீக்கடையிலும் அதே பேப்பர் இருந்தது. ஆனால் காலனிப் பெண் ஒருவர் அங்கே போய்ப் பேப்பரைக் கொடு என்று கேட்க அப்போது வழியே கிடையாது. அந்த ஊரில் அவர் தொட்டுப் படிக்கக் கூடிய பேப்பர் என் மேசையில் இருந்தது மட்டும்தான். நூலகத்துக்காரன் பொய் சொல்வான் என்று அவருக்குத் தோன்றவும் இல்லை.

பத்துப் பன்னிரண்டு நாள் அவர் வரவில்லை. நான் அதைக் கவனிக்கக்கூட இல்லை. பிறகு ஒருநாள் மதியத்துக்கு மேல், நான் அப்போதுதான் கதவைத் திறக்கிறேன், வாசலில் நின்றுகொண்டிருந்தார். வெளியூர் போய்வந்த புடவையோடு, கையில் ஒரு கார்டு. தபால் ஓடத் தொடங்கிய பிறகு அது வந்து சேர்ந்திருக்கிறது. அதில் போட்டிருந்த தேதி முடிந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதை எடுத்துக்கொண்டு கடலூருக்கே போயிருக்கிறார். போராட்டத்தால் தபால் போகாது என்று தெரிந்துதான் கார்டு கிடைக்காதவர்களும் வரலாம் என்று தேதி, இடத்தோடு பேப்பரில் அறிவிப்புக் கொடுத்தோம், அதைப் பார்த்து எத்தனையோ பேர் வந்தார்கள், நீங்கள் ஏன் வரவில்லை என்று அங்கே கேட்டிருக்கிறார்கள்.

இதையெல்லாம் அவர் கோபமில்லாமல் சொன்னார். அறிவிப்பு வந்த தேதி பேப்பரைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். மேசையில் விரித்து, ஓட்டையின் மேல் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். எரித்துவிட்டேன் என்று இரண்டாவது முறை சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. டிராயரைத் திறந்து கவரைக் கொட்டினேன். அவரே தேடினார். அந்தத் துண்டை எடுத்து ஓட்டையில் வைத்ததும் பொருந்தியது. ஒருபக்கம் எரிந்த குடிசைகள். திருப்பினால் அறிவிப்பு, கொட்டை எழுத்தில். நான் அவரிடம் ஜவுளிக்கடை என்று பொய் சொன்ன நாளிலிருந்து மூன்றாம் நாள் தேதி போட்டிருந்தது.

அவர் முதலில் அறிவிப்பைப் படித்தார். பிறகு திருப்பி மறுபக்கத்தையும் நிதானமாகப் படித்து முடித்தார். அதற்கப்புறம் கேட்டார்.

"நீங்க படிச்சிட்டுத்தான வெட்டினீங்க? உங்களுக்கு ஒண்ணும் ஆவலியே சார்."

அவ்வளவுதான். துண்டை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். ஊர் நிலைமை, சண்டை, உடைந்த பெஞ்சு என்று என்னிடம் காரணங்களுக்கா பஞ்சம். ஆனால் அவர் கேட்டது வேறு. அத்தனை மாதமாக எல்லாவற்றையும் ஒரு வரி விடாமல் படித்தவன் நான். படித்ததால் நான் யாரையும் அடிக்கவில்லை, எந்தக் குடிசையையும் கொளுத்தவில்லை. எனக்கு இருந்த அறிவு மற்றவர்களுக்கு இருக்காது என்று நானாகவே முடிவு செய்திருந்தேன்.

அன்றே பூட்டிய பீரோவைத் திறந்து புத்தகங்களை அலமாரிக்கு மாற்றினேன். மறுநாள் பேப்பரை வந்தபடியே மேசையில் போட்டேன். நான் பயந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை. இரண்டு நாள் சத்தமாகப் பேசிக்கொண்டார்கள், மூன்றாம் நாள் அவரவர் பாட்டுக்குப் படித்துவிட்டுப் போனார்கள். கட்டடத்துக்காரரே ஒரு பழைய 'பைண்டிங்' புத்தகத்தை எடுத்துப்போய், இரண்டு வாரம் வைத்திருந்து, ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். இவ்வளவுதானா என்று இருந்தது.

ஆனால் அந்தப் பெண்ணுக்கு நடந்ததை என்னால் திருப்ப முடியவில்லை. நடந்ததை எழுதிக் கடலூருக்கு இரண்டு மனுப் போட்டேன். ஒருமுறை அந்த வெட்டின துண்டையும் எடுத்துக்கொண்டு நேரில் போனேன். அங்கிருந்தவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, ஆட்களை எடுத்து முடித்தாகிவிட்டது, அடுத்த வருஷம் என்றால் வயது கடந்துவிடும், நான் என்ன செய்ய முடியும் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை.

திரும்பி வந்து, நேரில் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று காலனிக்குப் போனேன். அந்த ஊரில் இரண்டு வருஷம் வேலை பார்த்தும் அன்றுதான் முதல் தடவையாகக் காலனிக்குள் போகிறேன். வாசலில் அவருடைய அப்பா மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்து நின்றார். பொண்ணு பெங்களூருக்குச் சித்தாள் வேலைக்குப் போய்விட்டது, போய் பத்து நாள் ஆகிறது என்றார். "கார்டு லேட்டா வந்துட்ச்சி சார். எங்க தலையில அவ்ளோதான் எய்தி இருக்குது, வேற யாரை இன்னா சொல்றது" என்றார். அவருக்கு எதுவுமே தெரியவில்லை. பெண் என்னைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் போயிருக்கிறார். நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, நான் குடிப்பேனோ மாட்டேனோ என்ற சந்தேகத்தோடு நீட்டினார். வாங்கிக் குடித்தேன். குடித்துவிட்டு, சொல்ல வந்ததைச் சொல்லாமலே திரும்பி வந்துவிட்டேன்.

பிறகு பல ஊர்களுக்கு மாறினேன். வேலை நிரந்தரமாயிற்று, ஓய்வும் பெற்றேன். இப்போதும் நூலக வார விழா வந்தால் யாராவது அழைக்கிறார்கள். பொன்னாடை போர்த்தி, வாசிப்பின் அருமையைப் பற்றிப் பேசச் சொல்கிறார்கள். இந்தப் புத்தகம் பிள்ளைகளுக்கு வேண்டாம், அந்தப் புத்தகத்தை எடுத்துவிடுங்கள் என்று சிலர் அங்கேயே வந்து காதோடு சொல்வதும் உண்டு. எடுக்காதீர்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வேன். ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்டவர்களிடம்கூட இந்தக் கதையை இதுவரை சொன்னதில்லை. அந்தப் பெண் இப்போது எங்கே இருக்கிறார், இருக்கிறாரா என்றுகூட எனக்குத் தெரியாது. அவர் ஒரு நர்ஸாக எந்த ஊரிலும் இல்லை என்பதும், அதற்குக் காரணம் நான் என்பதும் மட்டும் தெரியும்.