பதினோரு விநாடி மாப்பிள்ளை

போன வாரம் ஒரு கல்யாணத்தைக் கெடுத்துவிட்டேன். என் சொந்தப் பெண்ணின் கல்யாணத்தை. 

பையன் பெயர் ஸ்ரீதர். கலிஃபோர்னியாவில் வொய்-டு-கே வேலை — இரண்டாயிரம் பிறக்கிறபோது கம்ப்யூட்டர்கள் மண்டையைப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்கிற உத்தியோகம். அப்பா, அம்மா ராஜா அண்ணாமலைபுரத்தில். ஜாதகம் பத்துக்கு எட்டுப் பொருத்தம். போட்டோவைப் பார்த்துவிட்டு வித்யா "சரி" என்றாள். இருபத்து நாலு வருஷத்தில் அவள் ஒரு விஷயத்துக்கு உடனே "சரி" என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அதோடு விட்டிருக்கலாம் இல்லையா?

"போட்டோவுல எல்லாரும்தான் சமத்தா இருப்பா," என்றார் என் கணவர். பேப்பரில் எதையோ படித்திருந்தார். இத்தனை நாள் இன்டர்நெட்டில் எழுத்தைத்தான் தேட முடிந்ததாம். இப்போது வீடியோவையே தேடிக் கொடுக்கிறதாம். பெயரைத் தட்டினால் ஆள் நடந்தே வருவாராம்!

முன்பெல்லாம் மாப்பிள்ளை எப்படி என்று ஆபீஸ் வாசல் டீக்கடையில் விசாரிப்போம். கலிஃபோர்னியாவில் எந்த டீக்கடைக்குப் போவது?

வித்யாவிடம் சொல்லாமல் லஸ் முனை பிரவுசிங் சென்டருக்குப் போனோம். போன வருஷம் வரை எஸ்.டி.டி. பூத்தாக இருந்த இடம். ஓனர் பாஸ்கருக்கு எங்களைப் பார்த்ததும் குஷி.

"வாங்க மேடம். இன்னா வோணும், மெயிலா, சாட்டா?"

"மாப்பிள்ளை," என்றார் என் கணவர்.

"எஸ். ஸ்ரீதர்" என்று தட்டினோம். ஒரு கார் ரேஸ் வந்தது. ஒரு பெங்குவின் வந்தது. யாரோ ஒரு வெள்ளைக்காரர் தோட்டத்தில் புல் வெட்டினார்.

"இனிஷியல்லாம் அதுக்குப் புரியாது சார்," என்றார் பாஸ்கர். "அப்பா பேரு இன்னா? அதைப் பின்னாடி சேர்த்துப் போடு. அமெரிக்காவுல அப்டித்தான் கீது."

சேர்த்துப் போட்டோம். ஸ்ரீதர் சுந்தரம். ஒரே ஒரு வீடியோ — அவருடைய கம்பெனி பிக்னிக். ஒன்றரை நிமிடம்.

தபால்தலை அளவுக்கு ஒரு ஜன்னல் திறந்தது. புல்வெளி... மேஜைகள்... பதினோரு விநாடி ஓடி அப்படியே நின்றது. நின்ற இடம் இருக்கிறதே!

நடுவில் ஸ்ரீதர். வலது கையில் நுரை பொங்கும் கிளாஸ். இடது கை, பொன்னிறக் கூந்தல்காரி ஒருத்தியின் தோளில்.

"லைன் ஸ்லோவா கீது மேடம். வெய்ட் பண்ணா மீதி வரும்." பாஸ்கர் குனிந்து பார்த்தார். "மாப்ள ஷோக்கா கீறாரு!"

மீதி வேறு வரவேண்டுமா? என் கணவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தே விட்டார்.

மறுநாள் காலையில் ஸ்ரீதரின் அம்மா பத்மா மாமிக்குப் போன் போட்டேன். "உங்கள் பிள்ளை குடிக்கிறான்" என்று சொல்ல முடியுமா? நாங்கள் நாகரிகம் தெரிந்தவர்கள். இதற்கென்றே எங்கள் பக்கத்தில் ஒரு வாசகம் உண்டு.

"மாமி, ஜோசியர் இன்னொரு தரம் பார்த்தார்... ஜாதகம் சரியாப் பொருந்தலையாம்."

மாமி "ஓ" என்றார். வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் வித்யா அடையாறு ஆபீஸிலிருந்து வந்தாள். பையை சோபாவில் வீசினாள்.

"அம்மா, ஸ்ரீதர் ஆத்துக்குப் போன் பண்ணி என்ன சொன்னே? அவர் மெயில் அனுப்பியிருக்கார். மூணு வாரமா தினம் பேசிண்டிருக்கோம், தெரியுமா உனக்கு?"

தெரியாது. வீடியோவைச் சொன்னேன்.

"அந்த வீடியோவா? அதை எனக்கு அனுப்பினதே அவர்தான்! ஆபீஸ்ல முழுசாப் பார்த்தேன். அந்த லேடிக்கு அறுபத்தஞ்சு வயசும்மா. ரிட்டயர் ஆறா. அவளை வழியனுப்பத்தான் அந்தப் பிக்னிக்கே."

தபால்தலை சைஸில் எல்லோருக்கும் வயசு இருபத்தைந்துதான்.

"அந்த கிளாஸ்?" என் கணவர் விடவில்லை.

"பீர்தான். எப்பவாவது குடிப்பேன்னு அவரே எழுதிட்டார். நீங்க ஆபீஸ் பார்ட்டிக்குப் போனா வாய் நிறைய சோம்பை மென்னுண்டு வருவேளே... அதுக்கு இது எவ்வளவோ தேவலைப்பா."

சமையலறையில் குழாய் ஒழுகுவதாக அவருக்குத் திடீரென்று நினைவு வந்து, உள்ளே போய்விட்டார்.

அதற்கப்புறம்தான் வித்யா அழுதாள். "இனிமே யாரையும் பார்க்காதே. இன்னொரு தடவை என்னால 'சரி' சொல்ல முடியாது."

அந்தத் தேடும் கருவியைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. பாவம், உலகத்தின் மறுகோடியிலிருந்து ஒரு பையனைத் தேடிக் கொண்டுவந்து நிறுத்தியது. மீதி எழுபத்தொன்பது விநாடியை நாங்களே மனசில் ஓட்டிக்கொண்டோம் — அதற்கு மோடம்கூடத் தேவைப்படவில்லை.

சரி, இப்போது என்ன செய்வது? ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். பொருந்திவிட்டது என்று எப்படிச் சொல்ல? கிரகங்கள் மனசு மாறிவிட்டன என்றா?

காலையில் இரண்டு தடவை நம்பரைச் சுழற்றி, மணி அடிக்குமுன் வைத்தேன். மூன்றாவது தடவை மாமியே எடுத்தார்.

"மாமி... ஜோசியர் கணக்குல ஒரு சின்ன தப்பு..."

எதிர்முனையில் ஒரு பெருமூச்சு. "பிக்னிக் வீடியோவைப் பார்த்துட்டேளா?"

ரிசீவரை வலது காதிலிருந்து இடது காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"இத்தோட மூணு ஜாதகம் இப்படிப் பொருந்தாமப் போயிருக்கு. இன்டர்நெட் வந்தப்புறம் எல்லா ஜோசியரும் ரொம்பக் கறார் ஆயிட்டா!"

அதற்குமேல் சுற்றி வளைக்கத் தெம்பில்லை. "மன்னிச்சுக்கோங்கோ மாமி. வித்யா அழறா," என்றேன்.

மாமி காலண்டரைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரோம்."

"பொண்ணு பார்க்கவா மாமி?"

"வித்யாவை எங்களுக்குப் போட்டோலயே பிடிச்சுப்போச்சு. உங்க ரெண்டு பேரைத்தான் நேர்ல ஒரு தடவை நன்னாப் பார்க்கணும்."

பட்டுப்புடவையும் பட்டு வேஷ்டியும் எடுத்து வைத்திருக்கிறேன். வித்யா வெள்ளிக்கிழமைக்கு லீவு போடவில்லை — அவள் இருக்கவேண்டிய அவசியமே இல்லையாம்.