அப்பா அமுக்கிய பச்சைப் பட்டன்

ஆபீஸ் வேலையாக ஒரு நாள் துறைமுகத்துக்கு வெளியே இருக்கும் கன்டெய்னர் யார்டுக்குப் போனபோதுதான் அந்த எண்ணம் முதலில் வந்தது. கேட்டில் எப்போதும் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். உள்ளே வரும் பெட்டியின் நம்பரைப் பார்த்து எழுதுவது அவர் வேலை. அன்றைக்கு நாற்காலி இருந்தது, ஆள் இல்லை. மேலே கம்பத்தில் ஒரு கேமரா. லாரி வந்து நின்றதும் அதுவே நம்பரைப் படித்துக்கொண்டது, தடுப்புக் கம்பி தானாக எழும்பியது.

"இங்கன இருந்த அண்ணாச்சி எங்க?" என்று காவலாளியிடம் கேட்டேன்.

"அவருக்கென்ன, வீட்டுல ராசா மாதிரி இருக்காரு" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அவர் தலைக்கு மேலும் ஒரு கேமரா இருந்தது.

நான் அப்போது ஷிப்பிங் ஏஜென்ட் ஆபீஸ் ஒன்றில் பில் டைப் செய்துகொண்டிருந்தேன். துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் புதுக்கோட்டைக்குத் திரும்பும் பஸ்ஸிலேயே முடிவு செய்தேன்: இனி படிக்க எதுவும் இல்லாமல் ஒரு நாளும் இருக்கக் கூடாது. பி.காம் முடிந்து சான்றிதழ் பீரோவுக்குள் போய்விட்டது. அதை நம்பிப் பயனில்லை. மாலை வகுப்பில் ஏற்றுமதி இறக்குமதிப் படிப்பு, அது முடியும் முன்பே எக்செல், அதற்கு மேல் சுங்கத் துறைக்கு ஆன்லைனில் ஆவணம் போடும் முறை. பலன் கிடைத்தது. டைப்பிங்கிலிருந்து என்னைச் சுங்க மேஜைக்கு மாற்றினார்கள், சம்பளமும் கூடியது. அந்த நாற்காலியில் எனக்கு முன் இருந்த அக்கா, புது மென்பொருளோடு மல்லுக்கட்டி ஓய்ந்து, வேலையை விட்டுப் போனவர். டிராயரைத் திறந்தால் அவருடைய சீப்பும் பாதி தீர்ந்த தைல பாட்டிலும் கிடந்தன. பல நாள் அவற்றை எடுத்துப் போட மனம் வரவில்லை.

அப்பாவுக்கு என் படிப்பு ஒரு கேலிப் பொருள்.

"ஏளா, ஒனக்கு இன்னும் எத்தன பரிச்சதான் பாக்கி இருக்கு?"

"சாவுற வரைக்கும் இருக்கும் யப்பா."

"அப்போ ஒன்னக் கெட்டுத மாப்பிள்ள பாவம். சோத்துக்குப் பதிலாக் கேள்வித்தாள வைப்ப."

அப்பா துறைமுகத்துக்குள் டிரெய்லர் ஓட்டினார். அடுக்கி வைத்த இடத்திலிருந்து பெட்டியை ஏற்றிக் கப்பலடியில் கொண்டு சேர்க்க வேண்டும். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். எண்கள் தெரியும், ஆங்கில எழுத்து தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லாமல் இருந்தது. வாக்கிடாக்கியில் பெட்டியின் கடைசி நாலு எண்ணைச் சொல்வார்கள். "சரி, வாரேன்" என்று அப்பா உடனே பதில் சொல்வார். கூப்பிட்டதும் பதில் சொல்லாத டிரைவருக்கு அங்கே வசவுதான்.

பிறகு வண்டிக்குள் தொடுதிரை வைத்தார்கள். ஒரு காலையில் ஹாலில் உட்கார வைத்து ஆங்கிலத்தில் படம் காட்டி, டீயும் வடையும் கொடுத்து அனுப்பினார்கள். வேலை வந்தால் திரை பீப் என்று கத்தும். கீழே ஒரு பச்சைப் பட்டன். பெட்டியை இறக்கிய பிறகுதான் அதை அமுக்க வேண்டும். அப்பாவோ பீப் கேட்டதுமே அமுக்கினார்.

"கூப்பிட்டா பதில் சொல்லாண்டாமா?" என்றார் பின்னால் என்னிடம்.

ஒரு நாள் அப்படி அமுக்கியதும், பெட்டி சேர்ந்துவிட்டதாகக் கணக்கு முடித்துத் திரை அடுத்த வேலையைக் காட்டியது. பெட்டியோ இன்னும் அப்பாவின் வண்டியில். குழம்பிப்போய் வேறொரு வரிசையில் அதை இறக்கிவிட்டார். கப்பல் அந்தப் பெட்டி இல்லாமல் போய்விட்டது.

சூப்பர்வைசர் சின்னப் பையன்தான், என் வயசு இருக்கும். மரியாதையாகத்தான் சொன்னானாம். "அண்ணாச்சி, தப்பா நெனச்சுக்கிடாதிய. ஸ்கிரீன் டெஸ்ட் ஒண்ணு வைப்போம். பாஸானா வண்டி. இல்லன்னா கீழ வேலதான்." கீழ வேலை என்றால் கிரேனுக்கு அடியில் நின்று பெட்டியின் மூலைகளில் இரும்புப் பூட்டு மாட்டுவது. காண்டிராக்ட் கூலி.

எனக்கு உள்ளுக்குள் ஓர் உற்சாகம்கூட வந்தது. படிக்க வீட்டில் ஒரு கூட்டாளி. அன்றைக்கே ஆங்கில அரிச்சுவடி வாங்கி வந்தேன். அப்பா அதைத் தள்ளி வைத்தார்.

"இந்த வயசுல ஏ பி சி டி வேண்டாம்ளா. எங்கன அமுக்கணும்னு மட்டும் சொல்லு."

நாளும் அதிகம் இல்லை. கூட ஓட்டுகிற டிரைவர் ஒருவர் திரையைப் படம் பிடித்து அனுப்ப, அதே மாதிரி ஒரு திரையை என் பழைய போனில் செய்தேன். அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில், எதிரே ஸ்டூலில் போன். அம்மாதான் கிரேன். டிபன் பாக்ஸைத் தூக்கி முறுக்கு டின் மேல் வைத்துவிட்டு, "எறக்கிட்டேன், இப்ப அமுக்குங்க" என்பாள். ஆரம்பத்தில் பீப் கேட்டதுமே விரல் ஓடியது. அப்பா இடது கையால் வலது கையைப் பிடித்து வைத்துக்கொள்வார். "பொண்டாட்டி சொன்னாத்தான் அமுக்குவாராம். இந்தப் புத்தி கல்யாணத்தன்னைக்கே வந்திருக்கலாம்" என்று அம்மா சொன்னாள். பழகிவிட்டார். கண்ணை மூடிக்கொண்டே அமுக்கிக் காட்டினார்.

டெஸ்டுக்குச் சவரம் செய்து, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனவர் மத்தியானமே வந்துவிட்டார். மெதுவாகச் செருப்பைக் கழற்றி வைத்தார். பிறகு நடந்ததைச் சொன்னார்.

அந்த வாரம் திரையை மாற்றியிருக்கிறார்கள். பச்சை இல்லை. மூன்று பட்டனும் ஒரே நீலம், எழுத்து மட்டும் வேறு. பீப் கேட்டபோது அப்பா கையைக் கட்டுப்படுத்தியிருக்கிறார். பெட்டியைச் சரியான இடத்தில் கொண்டு சேர்த்திருக்கிறார். இறக்கிய பிறகு, பழகிய இடத்தில் அமுக்கியிருக்கிறார். அந்த இடத்தில் இப்போது இருந்தது வேறு பட்டன்; வண்டி பழுது என்று கன்ட்ரோல் ரூமுக்குச் செய்தி போனது.

"'வண்டி நல்லாத்தான இருக்கு அண்ணாச்சி'ன்னு அந்தப் பையன் கேக்கான். சாவியக் குடுத்துட்டு வந்துட்டேன்."

இப்போது அப்பா கீழே நிற்கிறார். வெயிலில் முகம் கறுத்துவிட்டது, கையைத் தூக்கினால் தோள் வலிக்கிறது. ஒரே தட்டில் சாப்பிட்ட டிரைவர்கள் அவரைக் கடக்கும்போது கண்ணாடியை ஏற்றிக்கொள்கிறார்களாம். என் பரீட்சைகளைப் பற்றி அவர் கேலி பேசுவதில்லை. என் ஆபீஸிலும் பில்லைத் தானே படித்து ஆவணம் நிரப்பும் மென்பொருள் ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறார்கள். நான் அதையே கற்றுத் தரும் வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். படிக்கப் படிக்க மேலே போகலாம் என்று எல்லா வகுப்பிலும் சொல்லுகிறார்கள். நானும் ஒரு படி மேலே போனவள்தான். ஆனாலும் எனக்கு அது ஓட்டைப் படகில் தண்ணீர் இறைப்பது போலத்தான் தெரிகிறது. இறைத்தால் மிதக்கலாம். கை ஓய்ந்தால் முங்க வேண்டியதுதான்.

போன வாரம் வேலை முடிந்து வந்த அப்பா உள்ளங்கையை நீட்டினார். பேனாவால் நாலு ஆங்கில எழுத்து. ஒன்று திரும்பி நின்றது.

"எல்லாப் பெட்டிக் கதவுலயும் இது இருக்கு. என்னளா அது?"

"டேர். வெறும் பெட்டியோட எடை யப்பா."

அவர் கையையே பார்த்தார். "இத்தன வருசம் முதுகுக்குப் பின்னால இழுத்துட்டுத் திரிஞ்சிருக்கேன், பாரு."

மழைக்காலம் முடிந்து இன்னொரு டெஸ்ட் வைப்பார்கள் என்கிறார்கள். வைக்க மாட்டார்கள் என்றும் பேச்சு. அதற்குள் திரை இன்னொரு முறை மாறலாம். மாறட்டும். தினமும் கதவிலிருந்து ஒரு சொல்லைக் கையில் எழுதி வர அப்பா ஒத்துக்கொண்டிருக்கிறார். என் பழைய போனில், ஒவ்வொரு பீப்புக்கும் மூன்று நீலப் பட்டன்களும் இடம் மாறுகிற மாதிரி செய்துவிட்டேன். எழுத்தைப் படிக்காமல் இனி அதில் அமுக்க முடியாது. நாளை சாயங்காலம், அம்மா டிபன் பாக்ஸைக் கழுவி வைத்ததும், ஆரம்பிக்கிறோம்.