மாட்டுக்கு வைத்த அதலைக்காய்

நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. இன்று ராஜபாளையத்தில் சொந்தக் காய்கறிக் கடை. அதலைக்காய் வந்துவிட்டால் சர்க்கரை வியாதிக்காரர்களும் அவர்களுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரும் என் கடை வாசலில் ஒரே வரிசையில் நிற்பார்கள். அந்தக் காயின் அருமை அவர்களுக்கு முன்பே எனக்குத் தெரியும்.

எண்பதுகளில், ஆலங்குளம் பக்கம் எங்கள் கரிசல் காட்டில் அதை யாரும் விதைத்ததில்லை. ஐப்பசி மழை விழுந்தால் தானாகக் கொடி ஓடும். சுண்டுவிரல் நுனியளவு காய். கசப்பில் பாகற்காய்க்குத் தங்கச்சி. சும்மா கிடைத்ததால் மரியாதை இல்லை.

அந்த வருஷம் அத்தையைப் பெண் பார்க்கச் சேத்தூரிலிருந்து வந்தார்கள். எங்கள் பக்கம், பெண் வீட்டில் கை நனைத்தால், அதாவது சாப்பிட உட்கார்ந்தால், சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். அதுவரை வந்தவர்கள் எல்லாரும் தண்ணீரோடு எழுந்து போனவர்கள். இந்தத் தடவை எப்படியாவது உட்கார வைத்துவிட வேண்டும் என்று அப்பா டவுனிலிருந்து முட்டைக்கோஸும் பீட்ரூட்டும் வாங்கிவந்தார். எனக்காக அத்தை வதக்கியிருந்த அதலைக்காய்ச் சட்டியை அப்பாவே கூடை போட்டு மூடினார்.

பெண்ணைப் பார்த்தார்கள். "பொறவு சொல்லி அனுப்புதோம்" என்று மாப்பிள்ளையின் அப்பா துண்டை உதறி எழுந்தார். அவர் சம்சாரம் மட்டும் எழவில்லை. மூக்கை உறிஞ்சினார்.

"அதலைக்காயா?"

"அது மாட்டுக்கு" என்றார் அப்பா, அவசரமாக.

"இங்க மாட்டுக்கெல்லாம் வெங்காயம் போட்டுத் தாளிச்சா வைக்கீக, அண்ணே?"

அந்த அம்மா கரிசல் ஊரில் பிறந்து, நெல் விளைகிற சேத்தூருக்கு வாக்கப்பட்டவராம். அந்த ஈர மண்ணில் இது முளைக்காது. கல்யாணம் ஆனதிலிருந்து கண்ணில் பார்க்கவில்லையாம்.

புருஷன் குனிந்து காதைக் கடித்தார். "ஏட்டி, கை நனைச்சா வாக்குக் கொடுத்த மாதிரில்லா?"

"கொடுத்த மாதிரியே இருக்கட்டும். இலையப் போடச் சொல்லுங்க. கோசு வேண்டாம்."

சட்டி வழித்துக் காலியானது. என் அம்மா கண்ணைத் துடைத்தாள். அத்தை அடுப்படிக்குள் ஓடினாள். நான் ஓவென்று அழுதேன்.

"அத்தைய விட்டுப் பிரியணும்னு பச்சப்பிள்ளைக்குக்கூடத் தெரிஞ்சிட்டு" என்று அப்பா என்னைத் தூக்கிக்கொண்டார்.

எனக்கு எங்கே தெரிந்தது? ஒரு காய்கூட மிச்சம் வைக்கவில்லையே என்றுதான் அழுகை. கொடுத்த முட்டைக்கோஸைத் தின்றுகொண்டே, காடு நிறையக் காய் கிடக்கிறது, அத்தை தினமும் வதக்கித் தருவாள் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.