சந்துக் குழாயில் கழற்றிய பெட்டி

தாராவியில் ஒரு சந்து முனைக் குழாயில் நாங்களே செய்த கையளவு பெட்டி ஒன்றை மாட்டிவிட்டு, நானும் என் கல்லூரித் தோழனும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற மத்தியானம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. குழாயில் தண்ணீர் ஏறியதும் பெட்டி கூப்பிட்டு அவன் அம்மாவின் போன் அடித்தது. இரண்டு தெரு தள்ளியிருந்த தையல் பட்டறையிலிருந்து ஓடி வந்து, டிரம்மை நிரப்பிவிட்டு, மறுபடி மிஷினில் போய் உட்கார்ந்தார். “பட்டறைச் சேட்டு ஒண்ணுமே சொல்லலைலே!” என்று சாயங்காலம் மகனிடம் அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

அந்தச் சந்தில் தண்ணீர் எப்போது வரும் என்று ஒருவருக்கும் தெரியாது. வீட்டுக்கு ஒருவர் வேலைக்குப் போகாமல் காத்துக் கிடக்க வேண்டும். ‘தண்ணிக்கு இருக்கது’ என்பார்கள். அப்படி இருந்தே இரண்டு பட்டறை வேலையைத் தொலைத்தவர் அவன் அம்மா. மூன்றாவதாவது நிலைக்கட்டும் என்றுதான் என் தோழன் என்னோடு சேர்ந்து தொழில் தொடங்கினான். எனக்கு அப்படியொரு காரணமும் இல்லை. மாட்டுங்காவில் தலைமுறை தலைமுறையாக ஆபீஸ் உத்தியோகம் பார்த்த குடும்பம். அப்பாவைப் போல யாருக்கும் ‘எஸ் சார்’ போடக்கூடாது என்ற வீம்பு மட்டும்தான்.

செம்பூரில் ஒரு பெரிய அடுக்குமாடி ஹவுசிங் சொசைட்டி, தன் தொட்டிகளுக்கு அதே மாதிரிப் பெட்டிகளைக் கேட்டது. அவர்களுக்கு ஓட்டிக் காட்ட, ஒழுங்காக வேலை செய்த பெட்டி சந்துக் குழாயில் இருந்த அது ஒன்றுதான். “நாலே நாள்தான்டா, திரும்ப மாட்டிடலாம்” என்று நானே கழற்றினேன். ஆர்டர் கிடைத்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. புதிதாகச் செய்ததெல்லாம் செம்பூருக்கே போயிற்று. அவன் கேட்கும்போதெல்லாம் “இந்த டெலிவரி முடியட்டும்” என்பேன். நாலு நாள் நாலு மாதமாயிற்று. அவன் அம்மா மறுபடி தண்ணீருக்காக லீவு போட்டார். பட்டறையில் வேறு ஆளை வைத்துவிட்டார்கள். “எங்கம்மைக்குத்தாம்லே ஆரம்பிச்சேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு அவன் தொழிலை விட்டே போனான். இப்போது தாணேயில் யாருடைய கம்பெனியிலோ வேலை பார்க்கிறான்.

மாணவர்கள் ஏன் சொந்தத் தொழில் தொடங்குகிறார்கள் என்று பேச என்னைக் கல்லூரிகளில் கூப்பிடுகிறார்கள். அந்த அம்மாவின் கதையைத்தான் சொல்கிறேன். கைதட்டுகிறார்கள். வெட்கங்கெட்டவன் நான், கழற்றியதை மட்டும் சொல்வதில்லை.

போன வாரம் மனசு கேட்காமல் புதுப் பெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு தாராவிக்குப் போனேன். அந்த அம்மா முகத்தில் கோபமே இல்லை. “வாங்க தம்பி” என்று டீ போட்டுக் கொடுத்தார். பெட்டியை நீட்டினேன்.

“இனி எதுக்குத் தம்பி? நான் இப்பம் வேலைக்கா போறேன்? வீட்லதான கெடக்கேன்.”