ஓய்வெடுக்கும் நிலத்துக்கு ஒரு பலகை

காலை 5.40. செங்கல்பட்டில் மின்சார ரயில் ஏறினேன். சைதாப்பேட்டைக்கு டிக்கெட் பதினைந்து ரூபாய். அப்பா குத்தகைக்கு உழும் ஒன்றரை ஏக்கரை இந்த ஆண்டு விதைக்காமல் தரிசாக ஆறப்போட வேண்டும். வருடந்தோறும் வேர்க்கடலை போட்டு மண் களைத்துவிட்டது. போன முறை பாதிக் காய் பருப்பில்லாத பொக்கு. நிலத்துக்குச் சொந்தக்காரர் மயிலாப்பூரில் இருக்கும் ஸ்டெல்லா டீச்சர். அவர் சம்மதிக்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனால் பேசப் போனவளும் நான்.

7.30. சைதாப்பேட்டையில் நகரப் பேருந்து. பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நான் யாரிடமும் வழி கேட்பதில்லை, பலகைகளைப் படித்தே போவேன். மந்தைவெளியில் இறங்க வேண்டியவள் லஸ்ஸில் இறங்கினேன். மந்தைவெளிக்குத் திரும்பிவர ஆட்டோவுக்கு எண்பது ரூபாய்.

டீச்சர் வீட்டுத் தெருமுனையில் எருக்கு மண்டிய காலி மனை. நடுவே பலகை: ‘இந்த மனை விற்பனைக்கு அல்ல.’

“விக்காததுக்கு எதுக்குண்ணா போர்டு?” என்று கேட்டேன்.

“இன்னாம்மா நீ! போர்டு இல்லாங்காட்டி நாளைக்கே ஒருத்தன் பஜ்ஜிக் கடை போட்டுக்கினு குந்திடுவான்” என்றார் ஆட்டோ ஓட்டுநர்.

9.00. டீச்சர் காபி கொடுத்தார். மண் பரிசோதனை அட்டையை நீட்டினேன். படிக்காமலே மேசைமேல் வைத்தார்.

“குத்தகைப் பணம் கெடக்கட்டும்மா. நிலம் ஒரு வருஷம் சும்மா கெடந்தா, கேக்க ஆளில்லன்னு எவனாவது வேலி போட்டுடுவான். சண்டைக்கு வர்ற வயசா எனக்கு? முடியாதுன்னு அப்பாகிட்ட சொல்லிடு.”

“தெருமுனையில இருக்கிற மாதிரி ஒரு போர்டு வெச்சிடலாம் டீச்சர்.”

“என்னன்னு எழுதுவ?”

“‘இந்த நிலம் ஓய்வில் உள்ளது.’”

காபி ஆறும்வரை யோசித்தார். “கீழ உரிமையாளர்னு என் பேரப் போடு. பெரிசா. ரோட்டுலேருந்தே தெரியணும். எழுத்து கோணக்கூடாது.”

11.30. சைதாப்பேட்டையில் பலகை எழுதுபவரிடம் தகரப் பலகை, நானூற்றைம்பது ரூபாய். ஒரு எழுத்து கோணியது, அழித்து எழுதவைத்தேன்.

பிற்பகல் 2.10. திரும்பும் ரயில். பெயிண்ட் காயவில்லை; பலகையை முழங்கால்மேல் நிமிர்த்திப் பிடித்திருந்தேன். தாம்பரம்வரை பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. சென்னையில் நிலம் சும்மா கிடக்கவும் எழுத்து வேண்டியிருக்கிறது. எங்கள் ஊரில் தரிசைப் பார்த்தால் ஆட்டுக்காரர்கள் தாமாகவே மந்தையை ஓட்டி வருவார்கள்.

அப்பாவைக் கைபேசியில் அழைத்தேன். “சரின்னுட்டாங்கப்பா. ஆனா போர்டு வெக்கணும்.”

“போர்டா? அதப் பாத்துட்டு ஆட்டுக்காரன் திரும்பிப் போயிடப் போறான். புழுக்கை விழணும்மா, அப்பதான் மண்ணு தேறும். ‘ஆடு வரலாம்’னு ஒரு வரி சேத்துடு.”

பலகையைத் திருப்பிப் பார்த்தேன். இடமில்லை. டீச்சரின் பெயர் அவ்வளவு பெரிது.