கூரையில் இருந்த தம்பி

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாரிவாக்கத்தில் திடீர் மழை. ஒரு கிரகப்பிரவேச வீட்டுக்கு பேனர் கட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். ரோட்டோர பஜ்ஜிக் கடை ஒன்றில் ஒதுங்கினேன். தலையில் ஒரு சொட்டு விழுந்தது. எங்கே ஒழுகுகிறது என்று மேலே பார்த்தேன்.

தம்பி.

மழைக்குக் கூரையாகக் கட்டியிருந்த பழைய பேனரில் என் தம்பி விக்கி சிரித்துக்கொண்டிருந்தான். தலைக்கு மேல் பெரிய எழுத்தில் 'கண்ணீர் அஞ்சலி'.

வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும்... நான் குமணன்சாவடியில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் டிசைன் பண்ணுகிறவன். படிப்பு ஒன்பதாவதோடு சரி. புதிதாகப் படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன் — ஆடி மாதம் பைபாஸில் ஒரு லாரி விக்கியை அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. அவன் பேனரை டிசைன் பண்ணியதும் நான்தான். வேறு யார் பண்ணுவார்கள்?

'ஆத்மா சாந்தியடைய' என்ற வரி என் கம்ப்யூட்டரில் எப்போதும் ரெடியாக இருக்கும். காப்பி, பேஸ்ட். தம்பிக்கு மட்டும் கையால் டைப் அடித்தேன். எழுத்து எழுத்தாக. என்ன வித்தியாசம்? ஒன்றும் இல்லை. மெஷின் எப்போதும் போல அடித்துத் தள்ளியது.

எங்கள் தெரு முனையில் கட்டினோம். ஒரு நாள் பேனரைக் காணோம். காற்றில் பிய்ந்ததோ, யாராவது அவிழ்த்தார்களோ... அம்மா இன்றைக்கும் பால் வாங்கப் போனால் அந்த வெறும் கம்பத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் வருவாள். அவனை எப்படியாவது அவளிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்... கடையில் நின்ற எனக்கு அது ஒன்றுதான் தோன்றியது.

"இன்னா தம்பி, மேலயே பாத்துகினு கீற? பஜ்ஜி கீய கீது," என்றார் பக்கத்தில் நின்ற பெயிண்டர் ஒருவர். "மச்சானத்தான் பாக்குறியா?"

"எந்த மச்சான்?"

"அதோ, மேல பல்ல காட்டிகினு கீறானே! இந்தக் கடைக்கு அவன்தான் மச்சான். ரெண்டாவது வாட்டி சட்னி கேட்டா, 'மச்சான் பாத்துகினு கீறான், அளவா ஊத்திக்கோ'ன்னும் நம்ம மும்தாஜ் அக்கா."

நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, பொய் சொல்லவில்லை. விக்கி கேட்டிருந்தால் இன்னும் சத்தமாகச் சிரித்திருப்பான்.

அடுப்படியில் நின்ற அந்த மும்தாஜ் அக்காவிடம் கேட்டேன். "அக்கா, இந்த பேனர் எங்க கெட்ச்சுது?"

"லாரிக்காரன் ஒத்தன் செங்கல்லு மேல மூடிகினு வந்தான். மழைக்கு ஆவும்னு கேட்டு வாங்கினேன். ஏன், உன்னுதா?"

"என் தம்பிக்கா."

கரண்டி நின்றது. அக்கா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "யா அல்லா... தெனிக்கும் இந்தப் புள்ள மூஞ்சிலதான பொக உட்டுகினு கீறேன்!"

உண்மைதான். எண்ணெய்ப் புகை படிந்து தாடை முழுக்கக் கறுத்திருந்தது, தாடி வைத்த மாதிரி. உயிரோடு இருந்தவரைக்கும் அவனுக்குத் தாடி சரியாக முளைக்கவே இல்லை.

மறுநாள், எங்கள் கடையில் தப்பாக அடித்துப் போட்டிருந்த ஒரு காதுகுத்து பேனரை எடுத்துப்போய்க் கூரையில் கட்டிக் கொடுத்தேன். விக்கியைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

எங்களுக்கு வாடகை வீடு. ஒரே ரூம். விரித்தால் நெற்றி வந்தது, கண் வந்தது... அதற்குள் எதிர்ச்சுவர் வந்துவிட்டது. அம்மா அந்தக் கண்ணைத் தடவிப் பார்த்தாள். கையை மோந்து பார்த்தாள்.

"மடிச்சி பீரோ மேல வெக்கலாம்மா," என்றேன்.

"மடிச்சா மூஞ்சி மேல கோடு உயும்டா." சுருளின் ஓரத்தை நீவிவிட்டாள். "அங்க அவன மச்சான்னு கூப்ட்டாங்கன்னு சொன்னியே?"

"ஆமா."

"அங்கியே குட்துடு. நாலு பேரு பேசிகினு இருப்பாங்க. இங்க எம்மூஞ்சியவே பாத்துகினு அவன் இன்னா பண்ணுவான்?"

அடுத்த நாள் திரும்பவும் பாரிவாக்கம். மும்தாஜ் அக்கா சுருளைப் பார்த்ததுமே பின்னால் நகர்ந்துவிட்டார்.

"வேணாம்பா. கோச்சிக்காத. யாருன்னு தெரியாத வரிக்கும் அது பேனரு. இப்ப ஒருத்தி பெத்த புள்ளயா ஆயிடுச்சே... அது மேல எப்டி நான் பொக உடுவேன்?"

"பரவால்லக்கா. எங்கம்மாதான் குட்துட சொல்லிச்சி."

"உங்கம்மா சொல்லும். என்னால முடியாது நைனா. அன்னிக்கி நீ வாய தொறக்காம பஜ்ஜி துன்னுட்டு போயிருந்தா, அவன் பாட்டுக்கு இங்க இருந்துகினு இருப்பான்."

மேலே காதுகுத்து பேனரில் யாரோ ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. அதற்கு இன்னும் யாரும் பெயர் வைக்கவில்லை.

வாழ்க்கைக்கு என்ன அர்த்தம் என்று பெரிய பெரிய ஆட்கள் எழுதுகிறார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் பேனரின் வாழ்க்கைதான். கொஞ்ச நாள் கம்பத்தில். அப்புறம் யார் வீட்டுக்கோ கூரை. அப்புறம் கோழிக்கூண்டு. அப்புறம் குப்பை. பிறந்தநாள் பேனருக்கும் அதுதான், அஞ்சலி பேனருக்கும் அதுதான். 'மனசைத் திடப்படுத்திக்கோ' என்கிறார்கள். எதற்கு? திடமாக இருந்து எதைத் தாங்க? எல்லோரையும் கேட்டுவிட்டேன்... ஒருத்தருக்கும் தெரியவில்லை. இருந்தாலும் காலையில் கடையைத் திறக்கிறேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

சுருளை வீட்டுக்கே கொண்டுவந்தேன். சுவரோரம், அவன் பாய் போடுகிற இடத்தில் நீளமாகப் படுக்க வைத்தோம். வெள்ளைப் பக்கம் வெளியே தெரிந்தது. அவனை ஆஸ்பத்திரியிலிருந்து எடுத்துவந்தபோதும் இப்படித்தான் இருந்தான்.

தண்ணீர் குடிக்க எழுந்து, அவனைத் தாண்டினேன்.

"பாத்துடா... மிதிச்சிட போற," என்றாள் அம்மா.